திரைமேல் போட்ட துண்டு

என் வீட்டுக்காரரைத் தொழில் வட்டாரத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'உஷ்' என்றால்தான் தெரியும். 'உஷ் வந்தாச்சா', 'உஷ் அண்ணன் சாப்பிட்டாச்சா' என்று போனிலும் அப்படித்தான். கல்யாணமான புதிதில் எனக்கு எரிச்சலாக இருந்தது. கோழி விரட்டுகிற மாதிரி இதென்ன பெயர் என்று கேட்டேன். மனுஷன் சிரித்தார். பிறகு ஒரு நாள் படப்பிடிப்பு ஒன்றைப் பார்க்கப் போனபோதுதான் எனக்கே விளங்கியது.

அவருக்கு ஒலிப்பதிவு வேலை. பெரிய சினிமா என்று நினைத்துவிட வேண்டாம். சோப்பு விளம்பரம், தொழிற்சாலைக்காரர்கள் தங்கள் பெருமையைச் சொல்லி எடுக்கும் படம், தீப்பிடித்தால் எந்தப் படியில் இறங்குவது என்று சொல்லிக்கொடுக்கும் படம், இப்படித்தான். நீளக் கம்பின் நுனியில் மைக்கைக் கட்டி, பேசுகிறவரின் தலைக்கு மேலே பிடித்தபடி கை கடுக்க நிற்க வேண்டும். பிறகு ஸ்டுடியோவில் உட்கார்ந்து பேச்சைத் தவிர மற்ற எல்லாவற்றையும் துடைக்க வேண்டும். ஹார்ன், நாய், லிஃப்ட், மாடி வீட்டு மிக்ஸி, யாரோ ஒருவரின் இருமல் எல்லாம் போக வேண்டும். சுருக்கமாகச் சொன்னால் படத்திலிருந்து ஊரைத் துடைத்து எடுக்கிற வேலை.

துடைத்தாலும் போகாத சத்தத்தை முன்கூட்டியே போய் நிறுத்தியாக வேண்டும். அதற்கும் இவரைத்தான் தெருவுக்கு அனுப்புவார்கள். சாவி போடுகிறவர், பஞ்சர் கடைக்காரர், டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற பெண் என்று ஒவ்வொருவரிடமும் போய், "ரெண்டே நிமிஷம்" என்று கும்பிட்டு, உதட்டில் விரலை வைத்துக் காட்டுவார். இவர் கும்பிட்டால் யாருக்கும் கோபம் வராது. பஞ்சர் கடைக்காரர் ஒருமுறை டயரைக் கையில் பிடித்தபடி ஷாட் முடியும்வரை சிலை மாதிரி நின்றதை நானே பார்த்தேன்.

அவர் நாள் முழுக்கக் கேட்கிறவர் என்றால் நான் நாள் முழுக்கப் பேசுகிறவள். பேருந்து நிலையத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து மைக்கில் அறிவிப்புச் சொல்வது என் வேலை. எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், யாருடைய பை காணவில்லை, எந்தக் குழந்தை அம்மாவைத் தேடி அழுகிறது என்று சொல்லிச் சொல்லி, ஷிஃப்ட் முடியும்போது தொண்டை உப்புத்தாள் மாதிரி ஆகியிருக்கும். வீட்டுக்கு வந்தால் நான் பேசமாட்டேன், அவர் கேட்கமாட்டார். எங்கள் குடித்தனம் சண்டை சச்சரவில்லாமல் ஓடியதற்கு வேறு ரகசியம் ஒன்றும் இல்லை. அவசரமாக ஏதாவது சொல்லி அது அவர் காதில் ஏறாவிட்டால், "செவிடன் காதுல சங்கு ஊதின மாதிரி" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். எல்லா வீட்டிலும் சொல்கிற வார்த்தைதானே.

தொழிலில் அவருக்கு ஒரு வீம்பு உண்டு. இப்போதெல்லாம் கம்ப்யூட்டர் திரையிலேயே சத்தம் கோடு கோடாக, கலர் கலராகத் தெரியுமாம். எந்தச் சத்தம் எங்கே துருத்திக்கொண்டு நிற்கிறது என்று கண்ணாலேயே பார்த்து வெட்டிவிடலாம். இவர் சத்தங்களை அளவு பார்த்துச் சேர்க்கிற மிக்ஸிங்கில் உட்கார்ந்தால் முதல் காரியமாகத் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துத் திரைமேல் போட்டு மூடிவிடுவார். படம் ஓடுகிற பக்கத்துத் திரை மட்டும் தெரியும். "சாப்பாட்டை நாக்குல பாக்கணும். கண்ணால பாத்து உப்பு போடுவியா?" என்பார். அந்தத் துண்டு ஸ்டுடியோவில் பிரசித்தம். புதிதாக வருகிறவர்களுக்கு அதைக் காட்டிச் சிரிப்பார்கள். சிரிப்பில் மரியாதையும் இருந்தது.

நிறுத்தச் சொல்லப் போன இடங்களில் நின்று கேட்க ஆரம்பித்தது எப்போது என்று அவருக்கே தெரியாது. வீட்டில் பேசாத மனுஷன் திடீரென்று சாப்பிடும்போது சொல்வார். "அந்தச் சாவிக்காரர் இருக்காரே, கல்லுல வச்சுத் தேச்சு முடிச்சுட்டு சாவியை எடுக்கறப்ப கடைசியா சன்னமா ஒரு சத்தம் வரும். நூல் மாதிரி இழுத்துட்டே போய் அறுந்துடும். அப்படி ஒண்ணு எந்த வாத்தியத்துலயும் வராது." எனக்கு அப்போதுதான் ஒரு கவளம் உள்ளே போயிருக்கும். "சோறு ஆறுது" என்பேன். இன்னொரு நாள், நடத்துனர் பேருந்தின் தகரத்தில் தட்டுகிற தட்டில் 'போ' வேறு, 'நில்' வேறு என்று கையால் மேசையில் தட்டிக் காட்டினார். நான் பேருந்து நிலையத்திலிருந்து வருகிறவள். அந்தத் தகரச் சத்தத்திலிருந்து தப்பித்துத்தான் வீட்டுக்கு வருகிறேன். அதை வீட்டுக்குள்ளும் கொண்டுவருகிறாரே என்று எனக்கு அழுகையே வரும்.

ஆனால் அவர் பாட்டுக்கு எடுத்துக்கொண்டிருந்தார். ஸ்டுடியோ முதலாளியிடமிருந்து பழைய கேமரா ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். வேலை இல்லாத நாட்களில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். யாரை வாய்மூடச் சொன்னாரோ அவர்களிடமே போய், "இன்னைக்கு நல்லா சத்தம் போடுங்க" என்று கேட்டாராம். பஞ்சர் கடைக்காரர் இவருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டார். கடை ஷட்டர் தூக்குவது, ஈரத் தரையில் துடைப்பம் போவது, எங்கள் கட்டடத்து லிஃப்ட்டின் இரும்புக் கதவு மடங்குவது, ஜெராக்ஸ் மெஷின் வெளிச்சம் ஒருவர் முகத்தில் போய்ப் போய் வருவது, டீ கிளாஸ்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்குவது, எல்லாம் அதில் இருந்தன. ஒரு வார்த்தை பேச்சில்லாமல், ஊர் விழிப்பதிலிருந்து ஊர் ஓய்வது வரை சின்னதாக ஒரு படம். அவ்வளவுதான் ஆசை.

ஆசை மட்டுமென்றால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். ஸ்டுடியோவில் அந்த வருடம் புதிதாக ஒரு பெண்ணைச் சேர்த்திருந்தார்கள். மிக்ஸிங் வேலை மெல்ல மெல்ல அவள் கைக்குப் போய்க்கொண்டிருந்தது. இவர் முடித்துக் கொடுத்த இரண்டு படங்கள், காதைக் குத்துகிறது என்று திரும்பி வந்தன. "அவனுங்க ஸ்பீக்கர் சரியில்ல" என்றார். வேறொரு ஊரில் வேலை பார்க்கிற எங்கள் மகள் போனில் பேசினால், "வாயைத் திறந்து பேசேன்மா, முணுமுணுக்கிற" என்று அவளைக் குறை சொன்னார். அவர் கைக்கடிகாரம் மணிக்கொரு தரம் கீச்சென்று கூவும். அதை அவர் கண்டுகொள்வதே இல்லை. பழகிப்போச்சு போல என்று நானும் விட்டுவிட்டேன். மனைவிக்கே தோன்றவில்லை என்றால் பாருங்கள்.

"இந்தப் படத்தை முதலாளி ஒரு ஹால்ல போட்டுக் காட்டறேன்னிருக்காரு. தொழில்காரங்க எல்லாரும் வருவாங்க. அப்புறம் எவனும் என் காதைப் பத்திப் பேசமாட்டான்" என்றார் ஒரு நாள், செருப்பை மாட்டிக்கொண்டே. இந்தப் படத்தை ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்த மனுஷனுக்கு வேறு சொத்து கிடையாது. அந்த இரண்டு காதுதான்.

ஒலிப்பதிவுக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த இடத்தில் படம் எடுத்தாலும், கடைசியில் எல்லோரையும் அசையாமல் நிற்கவைத்து, ஆளில்லாதது போல அந்த அறையின் சும்மா இருக்கும் சத்தத்தை ஒரு நிமிடம் பிடித்துக்கொள்வார்கள். சும்மா இருக்கிற அறைக்கும் ஒரு சத்தம் இருக்கிறதாம். அதைப் படம் முழுக்க அடியில் விரித்து, மற்ற சத்தங்களை அதன்மேல் வைப்பார்கள். அது இல்லாவிட்டால் சத்தங்கள் தனித்தனியாக அந்தரத்தில் நிற்குமாம். தன் படத்துக்கு அந்த அடிச்சத்தத்தை எங்கள் வீட்டிலேயே எடுப்பது என்று முடிவு செய்தார். எங்கள் கூடத்து ஜன்னலில் தூரத்துச் சாலையின் இரைச்சல் மெத்தென்று வந்து விழும். நகரம் மூச்சுவிடுவது இந்த ஜன்னலில்தான் கேட்கிறது என்பார்.

எனக்கு வார விடுமுறை. மத்தியானம். சாப்பிட்டுவிட்டுச் சற்றுக் கண்ணயரலாம் என்று உட்கார்ந்திருந்தேன். அவர் வீடு முழுக்கச் சுற்றினார். ஃபேனை நிறுத்தினார். ஃப்ரிட்ஜை நிறுத்தினார். குழாயைத் துணி வைத்துக் கட்டினார். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் போர்வைக்குள் சுற்றி வைத்தார். காதில் விழுகிற ஒவ்வொன்றையும் தேடித் தேடி அடக்கினார். கூடத்தின் நடுவில் மைக்கை நிறுத்தி, ஹெட்போனை மாட்டி, என்னைப் பார்த்து அசையாதே என்று கையைக் காட்டினார்.

சுவரில் என் போன் சார்ஜர் செருகியிருந்தது. பேருந்து நிலைய வாசலில் நடைபாதைக் கடையில் வாங்கியது. மலிவுச் சரக்குக்கு உள்ள குணம், செருகிய நிமிடத்திலிருந்து கீ என்று ஊசி மாதிரி ஒரு சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும். அது கத்தினால் வீட்டில் கரண்ட் இருக்கிறது என்று எனக்கு அடையாளம். அதை மட்டும் விட்டுவிட்டாரே என்று, "என்னங்க, அந்தச் சார்ஜ..." என்பதற்குள் அவர் விரல் உதட்டுக்குப் போய்விட்டது.

"உஷ்."

சரி, ஊருக்கெல்லாம் சத்தம் பார்க்கிறவருக்கு இது தெரியாமலா இருக்கும், வேண்டுமென்றுதான் விட்டிருப்பார் என்று வாயை மூடிக்கொண்டேன். அவர் கண்ணை மூடி நின்றார். வெயில் தரையில் விழுந்து கிடந்தது. எவ்வளவு நாளாயிற்று அந்த முகத்தை அப்படிப் பார்த்து என்று நினைத்துக்கொண்டே நானும் தூங்கிப்போனேன்.

அதன்பிறகு மிக்ஸிங் எங்கள் கூடத்திலேயே நடந்தது. திரைமேல் துண்டு. பக்கத்தில் இரண்டு ஸ்பீக்கர். சுவரில் என் சார்ஜர். நான் வேலையிலிருந்து வந்து படுத்தால், அவர் படத்தின் அதே இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருப்பார். "இன்னும் கொஞ்சம் பளிச்சுன்னு இருக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ட்ரெபிளை, அந்தக் கூரான மேல்சத்தத்தை, ஏற்றுவார். எனக்குத் தலை வலிக்கும். பேருந்து நிலையத்துத் தலைவலி என்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு போர்வையை இழுத்துக்கொள்வேன்.

படம் போட்டுக் காட்டிய இடம் ஒரு நூலகத்தின் மாடி ஹால். ஞாயிற்றுக்கிழமை முற்பகல். முதலாளி வந்திருந்தார், அந்தப் புதுப் பெண் வந்திருந்தாள், கேமராக்காரர்கள், எடிட்டர்கள், திரைப்படச் சங்கத்து ஆட்கள் என்று நாற்காலிகள் நிறைந்துவிட்டன. இவர் தேய்த்த சட்டை போட்டிருந்தார். எப்போதும் தோளில் கிடக்கும் துண்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்ததால் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

விளக்கை அணைத்தார்கள். கறுப்புத் திரை. அதில் முதலில் வந்தது எங்கள் வீடு.

எனக்கு ஒரு கணம் ஒன்றும் ஓடவில்லை. கீ என்று அதே ஊசிச் சத்தம். அனிச்சையாகச் சுவரில் சார்ஜரைத் தேடினேன். இது ஹால், இங்கே ஏது சார்ஜர்? நம் வீட்டுச் சத்தம் இங்கே எப்படி வந்தது? அன்று கூடத்தில் எடுத்த அடிச்சத்தத்தில் சார்ஜரும் பதிந்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. வீட்டில் இத்தனை நாளும் நான் கேட்டது சுவரிலிருந்து வந்ததா, ஸ்பீக்கரிலிருந்து வந்ததா என்று எனக்குப் பிரித்துத் தெரியவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்திருக்கின்றன. அதுவும் இங்கே, அவர் ஏற்றிவைத்த ட்ரெபிளில், பெரிய ஸ்பீக்கரில், பல்லைக் கூசவைத்தது.

ஷட்டர் எழுந்தது. வெளிச்சம் சாலையில் வழிந்தது. துடைப்பம் போயிற்று. படம் அழகாக இருந்தது, பொய் சொல்லவில்லை. நான் தினமும் கடந்து போகிற ஈரத் தரை, திரும்பிக்கூடப் பார்க்காத லிஃப்ட் கதவு, இவையெல்லாம் இப்படியா இருக்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அத்தனைக்கும் அடியில் அந்தக் கீ நிற்கவே இல்லை. டீ கிளாஸ் அடுக்கியபோது முன்வரிசையில் ஒருவர் தோளைக் குறுக்கிக்கொண்டார். சாவிக் கல் சுழன்றபோது யாரோ காதைப் பொத்தினார்கள்.

கடைசியில் பேருந்து நிலையம் வந்தது. மாலை வெளிச்சம், கிளம்புகிற வண்டிகள், அதன்மேல் ஒரு குரல். என் குரல். எனக்குச் சொல்லாமல் என்றோ வந்து எடுத்திருக்கிறார். மேடையையும் ஊரையும் நேரத்தையும் சொல்லிக்கொண்டே போகிற குரல். நான் இவ்வளவு களைத்துப்போனவள் என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது. அதைக் கண்டுபிடித்து, தன் படத்தின் முடிவில் வைத்திருக்கிறார். அந்தக் குரலுக்கு ஹாலில் இருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். நான் சொன்ன ஒவ்வொரு 'ஸ்' எழுத்தும் தகரத்தில் ஆணி கீறினாற்போல இருந்தது. இருட்டில் அவரைப் பார்த்தேன். புன்சிரிப்போடு உட்கார்ந்திருந்தார்.

விளக்கைப் போட்டதும் கைதட்டினார்கள். கொஞ்சம் தாமதமாகத் தட்டினார்கள். முதலாளி தலையைக் குனிந்து தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரைப்படச் சங்கத்து அம்மா ஒருவர் எழுந்தார்.

"படம் ஆரம்பிச்சதுலேருந்து முடியற வரைக்கும் அந்தத் தாங்கமுடியாத கீச்சு ஒலியை வச்சிருந்தீங்க பாருங்க, அது ரொம்ப தைரியமான முடிவு. நகரத்தோட வலின்னு எடுத்துக்கிட்டேன். எப்படித் தோணுச்சு?"

இவர் எழுந்து நின்றார். எந்தக் கீச்சு என்று அவர் கேட்கவில்லை. அந்த அம்மாவைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேனா, கண்ணைத் தாழ்த்தினேனா, நினைவில்லை.

"அது... அப்படியே அமைஞ்சுதும்மா" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். அதற்கும் கைதட்டினார்கள்.

திரும்பும்போது பேருந்தில் கூட்டமில்லை. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். இரண்டு நிறுத்தம் தாண்டியதும் அவர் கேட்டார்.

"அந்தம்மா எந்தச் சத்தத்தைச் சொன்னாங்க?"

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாங்க."

"உனக்குக் கேட்டுதா?"

"கேட்டுது."

"எந்த இடத்துல?"

"முதல்லேருந்து கடைசி வரைக்கும். நம்ம வீட்டுச் சார்ஜருங்க அது."

நடத்துனர் தகரத்தில் தட்டினார். வண்டி நின்றது, மறுபடி தட்டினார், கிளம்பியது. அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எல்லாரும் நெளிஞ்சாங்க. படம் மனசைத் தொட்டுடுச்சு போலன்னு நெனச்சேன்."

எனக்குச் சண்டை போட வேண்டும் போல இருந்தது. அந்தச் சங்கத்து அம்மாவோடு, முதலாளியோடு, நடைபாதைக் கடைக்காரனோடு, யாரோடாவது. அன்று நான் வாயைத் திறந்தபோது உஷ் என்றீர்களே என்று இவரையே நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டு என்ன ஆகப்போகிறது?

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றவில்லை. சார்ஜரைச் செருகிவிட்டுச் சுவரோடு காதை ஒட்டவைத்து நின்றார்.

"இப்ப கத்துதா?"

"கத்துது."

பிடுங்கினார். "இப்ப?"

"நின்னுடுச்சு."

"கண்ணை மூடிக்கோ."

மூடிக்கொண்டேன். அவர் செருகுவதும் பிடுங்குவதும், ஏமாற்றுவதற்காகச் சும்மா இருப்பதுமாக மாற்றி மாற்றிச் செய்தார். நான் "கத்துது", "இல்ல", "இல்ல", "கத்துது" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒருமுறையாவது நான் தப்பாகச் சொல்லிவிட வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டிருந்தது மூடிய கண்ணுக்கும் தெரிந்தது. நானும் தப்பாகச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. கண்ணைத் திறந்தபோது சார்ஜரைக் கையில் வைத்துக்கொண்டு, செத்த பூச்சியைப் பார்ப்பது மாதிரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காது டாக்டர் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. வயதானால் மேல்சத்தம் எல்லோருக்கும் குறையும், இந்த வேலையில் இருந்தால் சீக்கிரம் குறையும், போனது வராது, இருக்கிறதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். "கீழ்ச்சத்தமெல்லாம் எனக்கு நல்லா கேக்குது டாக்டர்" என்று இவர் சொன்னார், பரீட்சையில் ஒரு பாடத்திலாவது பாஸ் என்கிற பிள்ளை மாதிரி.

முதலாளியிடம் அவரே போய்ச் சொன்னார். முதலாளி, "எனக்குத் தெரியும்யா. நீயா சொல்லுவேன்னு இருந்தேன்" என்றாராம். மைக்கைப் பிடிக்கிற வேலை இருக்கும், மிக்ஸிங் இனி அந்தப் பெண்ணுக்குத்தான். அவள் மட்டும் வெளியே வந்து, "அந்தத் துண்டை எனக்குத் தரீங்களா அண்ணே?" என்று கேட்டாளாம். "துவைக்கணும்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அதன்பிறகு பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போவதை நிறுத்திவிட்டார். வேலைக்குப் போவார், வருவார், கை வலிக்கிறது என்று படுப்பார். சாவிக்காரரைப் பற்றி, நடத்துனரைப் பற்றி, எதைப் பற்றியும் சாப்பாட்டில் பேச்சில்லை. நான் ஆசைப்பட்ட நிசப்தம் ஒருவழியாக வீட்டுக்கு வந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. சங்கு ஊதுகிற பழமொழியும் எங்கள் வீட்டிலிருந்து போய்விட்டது. நாக்கு நுனிவரை வந்து, பலமுறை விழுங்கியிருக்கிறேன்.

ஒரு நாள் சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்து கதவைத் திறக்கும்போது கூடத்தில் அவர் பழையபடி கருவிகளை எடுத்து வைத்து உட்கார்ந்திருந்தார். இரண்டு ஸ்பீக்கர், இரண்டு திரை. திரைமேல் துண்டு இல்லை. கலர் கலராக என்னவோ அதில் ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் சார்ஜரும் இல்லை.

"அந்தச் சார்ஜர் சத்தத்தை எடுத்துட்டேன்" என்றார். "கண்ணால பாத்து எடுத்தேன். மேல ஒரு கோடு மாதிரி நின்னுது. இவ்வளவு தெளிவாத் தெரியுது, இதைப் போயி துண்டு போட்டு மூடி வச்சிருந்தேன் பாரு."

"சரி, விடுங்க."

"கோடு எடுத்தாச்சு. மத்ததெல்லாம் எவ்வளவு குறைக்கணும்னு திரையைப் பாத்துத் தெரியல. நீ கொஞ்சம் உக்காரு."

"நாள் பூரா மைக்ல கத்திட்டு வரேன். என்னால ஒரு வார்த்தை பேச முடியாது."

"பேச வேண்டாம். 'குறை', 'போதும்'. ரெண்டே வார்த்தை."

செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். உட்காராமல் என்ன செய்ய? அவர் படத்தை முதலிலிருந்து ஓட்டினார். ஷட்டர் வந்தது. "குறைங்க" என்றேன். "இன்னும்." திருகினார். "போதும்." துடைப்பம். "குறைங்க." டீ கிளாஸ். "குறைங்க, இன்னும், இன்னும். போதும்." நான் போதும் சொல்கிற இடத்தில் அவர் முகத்தைப் பார்த்தேன். எனக்குச் சரியாகிற ஒவ்வொரு சத்தமும் அவருக்கு மங்கிக்கொண்டே போயிற்று. முகம் காட்டிக்கொடுத்துவிட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை.

சாவிக் கடை வந்தது. முன்பு எல்லோரும் காதைப் பொத்திய இடம். குறைத்துக்கொண்டே வந்தார். கல்லின் கரகரப்பு அடங்கி, தெருவில் நின்று கேட்பது போல ஆயிற்று.

"போதும்" என்றேன்.

அவர் கை அப்படியே நின்றது. திரையில் சாவிக்காரர் குனிந்து, சாவியைக் கல்லிலிருந்து எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கல்லு கேக்குது" என்றார் இவர். "கடைசியா அந்தச் சன்னச் சத்தம் வரணும். வந்துதா?"

"வந்துது."

"எனக்கு ஒண்ணும் இல்ல."

திரும்ப ஓட்டினார். உடம்பை முன்னால் சாய்த்து ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் காதை வைத்தார். சாவியை எடுக்கிற கை, குனிந்த தலை, வெளிச்சத்தில் சாவி. "இல்ல" என்றார். மறுபடியும் ஓட்டினார். அவருக்குக் கேட்கும்படி ஏற்றினால் மற்றவர்கள் காதைப் பொத்துவார்கள். மற்றவர்களுக்குச் சரியாக வைத்தால் அவருக்கு இல்லை. அந்தத் திருகு அவர் விரலுக்கடியில்தான் இருந்தது. அதைத் தொட்டபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

எனக்கு அழுகை வந்தது. தொண்டையோ எரிந்தது. அன்று காலையிலிருந்து எத்தனை ஊர்ப் பெயர்களைச் சொல்லியிருப்பேனோ. போதும், தூங்கலாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"இன்னொரு தடவை போடுங்க" என்றேன்.

போட்டார்.

"கல்லு சுத்துது. கரகரன்னு, பக்கத்து அறையில யாரோ தேங்கா துருவற மாதிரி. இப்ப சாவியைத் தூக்கறாரு. இப்ப, இப்பதான் வருது. ரொம்ப சன்னம். அழற குழந்தை அடங்கினப்புறம் மூச்சை இழுக்குமே, அப்படி. இழுக்குது, இன்னும் இழுக்குது, கூடவே யாரோ தெருவுல சைக்கிளைத் தள்ளிட்டுப் போறாங்க."

அவர் கண்ணை மூடியிருந்தார். இத்தனை வருடத்தில் நான் இப்படி மூச்சுவிடாமல் பேசினால் அந்த விரல் உதட்டுக்குப் போயிருக்கும். இப்போது இரண்டு கையும் மடியில் கிடந்தன.

"அப்புறம்?" என்றார்.